மஞ்சள் கொண்டை மரங்கொத்தி: குஞ்சா, கலப்பா, வேறு இனமா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். போன ஞாயிறு காலை குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். ரோட்டோரம் பட்டுப்போய் நின்ற ஒரு மரத்தில் பொன்னிற இறக்கையோடு ஒரு மரங்கொத்தி. சேலத்தில் உங்கள் வீட்டுத் தென்னைக்கு வருகிற மரங்கொத்தி மாதிரியே இருந்தது, ஆனால் கொண்டை சிவப்பாக இல்லை, நல்ல மஞ்சள். கூட வந்தவர்களில் ஒருவர் அது குஞ்சு என்கிறார், இன்னொருவர் கலப்பினம் என்கிறார், மூன்றாமவர் வெயிலில் நிறம் வெளுத்துவிட்டது என்கிறார். அது என்ன பறவை, அடுத்த தடவை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்கள். கடைசியில், தென்னை மரத்தைக் கொத்துகிறதே, மரம் கெட்டுவிடாதா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

நீங்கள் பார்த்தது உங்கள் வீட்டுத் தென்னைக்கு வருகிற இனம் இல்லை. வெண்பிடரி மரங்கொத்தி என்று தமிழிலும், ஒயிட்-நேப்ட் வுட்பெக்கர் என்று ஆங்கிலத்திலும் சொல்லப்படுகிற காட்டு இனம், அதிலும் பெரும்பாலும் பெண் பறவை. இதில் முதல் பாதியை நான் உறுதியாகச் சொல்வேன். 'பெரும்பாலும்' என்று இழுத்தேனே, அதற்கான காரணம் பின்னால் வரும்.

நான் சேலத்துக்காரன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பாடத்தில் நான் நடத்தியது பெரும்பாலும் தவளையும் கரப்பான்பூச்சியும்தான். பறவை பார்க்கக் கற்றுக்கொண்டது வகுப்புக்கு வெளியே, இந்த மலையடிவாரத்தில், முப்பது வருடமாக. உங்கள் பறவையை நான் நேரில் பார்க்கவில்லை. என் கையில் இருப்பது நீங்கள் எழுதிய நான்கு வரியும், ஜூம் செய்து எடுத்த ஒரு போன் படமும். படம் மங்கல்தான், ஆனால் பறவை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. மரங்கொத்தியைப் பொறுத்தவரை முகம் தெரிகிற தெளிவான படத்தைவிட முதுகு தெரிகிற மங்கலான படம் எனக்கு உபயோகம்.

முதலில் உங்கள் வீட்டுத் தென்னைக்கு வருகிற ஆளை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். அவரைச் சரியாகத் தெரியாமல் மற்ற மரங்கொத்திகளைப் பிரிக்கவே முடியாது. பொன்முதுகு மரங்கொத்தி, ஆங்கிலத்தில் பிளாக்-ரம்ப்ட் ஃப்ளேம்பேக். சேலம் டவுனுக்குள்ளேயே தென்னை, வேம்பு, புளி என்று எல்லா மரத்திலும் ஏறும். மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது, 26 முதல் 29 சென்டிமீட்டர். பின்கழுத்து கறுப்பு. கழுத்துக்குக் கீழே முதுகு நடுவிலேயே பொன்மஞ்சள் ஆரம்பித்துவிடும். வால் தொடங்கும் இடத்துக்கு மேலே, பறவைக்காரர்கள் பிட்டம் என்று சொல்கிற பகுதி, கறுப்பு. தொண்டையும் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தது போல இருக்கும். ஆணுக்கு நெற்றியில் இருந்து கொண்டை நுனி வரை சிவப்பு. பெண்ணுக்கு முன்பாதி கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பின்பாதி மட்டும் சிவப்பு. அதாவது வளர்ந்த பொன்முதுகு மரங்கொத்தி ஆணானாலும் பெண்ணானாலும் கொண்டையில் சிவப்பு இருந்தே தீரும், மஞ்சள் வரவே வராது. உங்கள் நண்பர் சொன்ன 'வெயிலில் வெளுத்த நிறம்' இங்கேயே அடிபட்டுப் போகிறது. சிவப்பு இறகு பழசானால் மங்கும், ஆரஞ்சு அடிக்கும், எலுமிச்சை மஞ்சளாக மாறாது.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். பறவையின் உச்சந்தலைக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை கழுத்து வழியாக இறங்கி, முதுகு நடுவில் கூராக முடிகிறது. அதன் இரண்டு பக்கமும் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு வெளியே, இறக்கையில் மட்டும்தான் பொன்மஞ்சள். இதைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றுவது, நம்மூர்க்காரர் ஒருவர் வெண்பட்டுத் துண்டைப் பின்கழுத்தில் போட்டு முதுகுப் பக்கம் தொங்கவிட்டிருப்பது மாதிரி, அதுவும் இரண்டு பக்கமும் அகலமான கறுப்புக் கரை வைத்த துண்டு. என்னோடு வரும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: துண்டு போட்டிருக்கிறாரா, இல்லையா, அதை முதலில் பார். பொன்முதுகு மரங்கொத்திக்கு முதுகின் நடுவே பொன். வெண்பிடரிக்கு முதுகின் நடுவே வெள்ளையும் கறுப்பும், பொன் ஓரத்தில். இந்த ஒரு வித்தியாசம் ஐம்பது அடி தூரத்திலிருந்து, கண்ணாடி போடாத என் கண்ணுக்கே தெரியும்.

வெண்பிடரியில் ஆணுக்குக் கொண்டை சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம். நீங்கள் பார்த்தது ஆணாக இருந்திருந்தால், 'நம்ம வீட்டு மரங்கொத்திதான்' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருப்பீர்கள், இந்தக் கேள்வியே வந்திருக்காது. பெரும்பாலோர் அப்படித்தான் இதைத் தவறவிடுகிறார்கள். நானும் தவறவிட்டேன், அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். ஆரம்பகாலத்தில் நான் வைத்திருந்த நோட்டுப் புத்தகங்களில் தேதி, இடம், பறவை, எண்ணிக்கை என்று நான்கு பத்தி. அடிவாரக் காட்டில் பார்த்த எல்லா மரங்கொத்திக்கும் 'பொன்முதுகு 1', 'பொன்முதுகு 2' என்றே எழுதியிருக்கிறேன். ஒரு நாள் மஞ்சள் கொண்டைக்காரியைப் பார்த்துத் திகைத்து, யார் யாரையோ கேட்டு, அது வேறு இனம் என்று தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன். அத்தனை வருடப் பதிவில் எது பொன்முதுகு, எது வெண்பிடரி ஆண் என்று பிரிக்க எனக்கு எந்த வழியும் இல்லை. 'சிவப்புக் கொண்டை, பொன் இறக்கை' என்று குறிப்பு எழுதிய இடங்கள்கூட உதவவில்லை, இரண்டுக்கும் அது பொருந்துகிறதே. அந்த நோட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. மரங்கொத்திப் பதிவு என்ற அளவில் அவற்றின் மதிப்பு பூஜ்யம்.

கலப்பினமா என்று கேட்டவரும் ஒன்றும் அசட்டுத்தனமாகக் கேட்கவில்லை. மரங்கொத்திகளில் கலப்பு நடக்கிறது. இலங்கையின் வடக்கில் பொன்முதுகு மரங்கொத்தியும், தெற்கில் அதன் நெருங்கிய உறவான சிவப்பு முதுகு மரங்கொத்தியும் இருக்கின்றன. இரண்டும் சந்திக்கிற பகுதியில் ஆரஞ்சு முதுகோடு நடுத்தரமான பறவைகள் உண்டு. ஆனால் அவை ஒரே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள். பொன்முதுகும் வெண்பிடரியும் அப்படி இல்லை. பொன்முதுகு டைனோபியம் என்ற பேரினம், வெண்பிடரி கிரைசோகொலாப்டெஸ் என்ற பேரினம். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் உறவில் தூரம். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் கிரைசோகொலாப்டெஸுக்கு நெருங்கிய சொந்தங்களில் ஒன்று அமெரிக்கக் கண்டத்தில் இருக்கும் கேம்பெஃபிலஸ் என்ற ராட்சத மரங்கொத்திக் கூட்டம் என்று தெரிகிறது. தந்த நிற அலகு கொண்ட, இனி இருக்கிறதா இல்லையா என்று அமெரிக்கர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற புகழ்பெற்ற மரங்கொத்தி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நம் குப்பனூர் ரோட்டு மரங்கொத்திக்கு அங்கே ஒரு சொந்தம்! நெருங்கிய உறவே இல்லாமல் இந்த இரண்டு இனங்களும் ஏன் ஒன்றைப் போல மற்றொன்று தோற்றம் கொண்டன என்பது பறவையியலாளர்கள் இன்னும் விவாதிக்கிற விஷயம். உங்களுக்கு வேண்டியது இதுதான்: மஞ்சள் கொண்டை என்பது கலப்பின் அடையாளம் இல்லை, அந்த இனத்துப் பெண்ணின் இயல்பான நிறம்.

இப்போது அந்தப் 'பெரும்பாலும்'. குஞ்சாக இருக்குமா என்பதை உங்கள் படத்தை வைத்து என்னால் நூறு சதவீதம் மறுக்க முடியவில்லை. கூட்டை விட்டு வந்த வருடத்துப் பறவைகள் பெரியவர்களைவிட மங்கலாக இருக்கும், கறுப்பு பழுப்படிக்கும், பொன் நிறம் அழுக்காகத் தெரியும். உங்கள் படத்தில் கறுப்பு நல்ல கறுப்பாகவும் மஞ்சள் பளிச்சென்றும் இருப்பதால் வளர்ந்த பெண் என்று சாய்கிறேன். ஆனால் போன் கேமரா தானாகவே நிறத்தைக் கூட்டிக் காட்டும், அதை நம்பி சத்தியம் செய்ய மாட்டேன். எந்த இனம் என்பதில் இந்தச் சந்தேகம் இல்லை. நிறத்தைக் கேமரா கூட்டலாம், குறைக்கலாம், கறுப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டை அதால் வரைய முடியாது.

இன்னொரு சந்தேகத்தை நானே கிளப்பி நானே தீர்த்துவிடுகிறேன். இலவம், புரசு, முள்முருங்கை பூக்கிற காலத்தில் பல பறவைகள் தேனுக்காகப் பூவுக்குள் தலையை விட்டு, மகரந்தம் அப்பிய மஞ்சள் நெற்றியோடு திரியும். மைனாவின் தலையே மஞ்சளாகி, புது இனம் என்று எனக்குப் படம் அனுப்பியவர்கள் உண்டு. மகரந்தம் என்றால் அலகின் அடியிலும் நெற்றியிலும்தான் திட்டுத் திட்டாக ஒட்டும், கொண்டையின் பின்நுனி வரை ஒரே சீராகப் படியாது. உங்கள் பறவைக்குக் கொண்டை நுனி வரை மஞ்சள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தேடும்போது நீங்கள் குழம்புவீர்கள். சாலிம் அலி காலத்துப் பழைய புத்தகங்களில் இதே பறவைக்கு பிளாக்-பேக்ட் வுட்பெக்கர், கறுப்பு முதுகு மரங்கொத்தி, என்று பெயர். இப்போது வெள்ளைப் பிடரி. ஒரே முதுகைப் பார்த்து ஒருவர் கரையைச் சொன்னார், இன்னொருவர் துண்டைச் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பழைய பெயரைப் போட்டு இன்று இணையத்தில் தேடினால் வட அமெரிக்காவில் இருக்கும், இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு மரங்கொத்தி வந்து நிற்கும். அறிவியல் பெயரைத் தமிழில் எழுதினால் கிரைசோகொலாப்டெஸ் ஃபெஸ்டிவஸ். 1783இல் போட்டார்ட் என்ற டச்சுக்காரர் வைத்தது. ஃபெஸ்டிவஸ் என்றால் திருவிழாக் களை உள்ளது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

மஞ்சள் தலை என்று மட்டும் சொல்லி என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் உடனே வெண்பிடரி என்று பதில் சொல்வதில்லை. வேறு இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒன்று மராட்டா மரங்கொத்தி, இப்போது எல்லோ-கிரவுண்ட் என்கிறார்கள். அதற்கும் தலையில் மஞ்சள் உண்டு, வறண்ட காட்டிலும் முள்மரத்திலும்தான் அதுவும் இருக்கும். ஆனால் உருவம் சின்னது, 18 சென்டிமீட்டருக்குள், புல்புல் அளவுதான். உடம்பில் பொன் நிறமே கிடையாது, கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்ட சேலை மாதிரி இருக்கும், அடிவயிற்றில் ஒரு சின்ன சிவப்புத் திட்டு. மற்றொன்று சின்ன மஞ்சள்பிடரி மரங்கொத்தி, லெஸ்ஸர் யெல்லோநேப். அது பச்சை உடம்பு, கொண்டையின் பின்பக்கம் மட்டும் மஞ்சள் குஞ்சம், ஈரமான காட்டை விரும்பும். இரண்டையும் உங்கள் பறவையோடு குழப்ப வாய்ப்பில்லை, வாயால் சொல்லும்போதுதான் குழப்பம். ஆகையால் அடுத்த முறை யாரிடமாவது கேட்கும்போது கொண்டையின் நிறத்தோடு உடம்பின் நிறத்தையும் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே குழப்பக்கூடியவர் இன்னொருவர்: பெரிய பொன்முதுகு மரங்கொத்தி, கிரேட்டர் ஃப்ளேம்பேக். வெண்பிடரியின் சொந்த பேரினம், எனவே உண்மையான பங்காளி. அதற்கும் பின்கழுத்து வெள்ளை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இதைப் பார்த்துப் பழகியவர்கள் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு வந்து வெண்பிடரியைப் பார்த்தால், அதே நினைப்பில் தப்பாகச் சொல்லிவிடுவார்கள். மூன்று இடத்தைப் பாருங்கள். பெரிய பொன்முதுகுக்கு வெள்ளை பின்கழுத்தோடு நின்றுவிடும், முதுகுக்கு இறங்காது, முதுகு முழுக்கப் பொன். பிட்டம் சிவப்பு, பறக்கும்போது அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியும். வெண்பிடரிக்குப் பிட்டம் கறுப்பு. பெரிய பொன்முதுகின் பெண்ணுக்குத் தலையில் சிவப்பும் இல்லை மஞ்சளும் இல்லை, கறுப்பில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். இப்போது பறவைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்தப் பெரிய பொன்முதுகையே பல இனமாகப் பிரித்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதை மலபார் ஃப்ளேம்பேக் என்கிறார்கள். உங்கள் படத்தில் பிட்டம் கிளைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அது தெரிந்திருந்தால் இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் முதுகு நடுவரை இறங்கிய வெள்ளையும் மஞ்சள் கொண்டையும் ஒன்றாக வருகிற இன்னொரு மரங்கொத்தி இந்தியாவில் இல்லை.

முகத்தைப் பார்க்க வாய்த்தால் தொண்டையைக் கவனியுங்கள். வீட்டு மரங்கொத்திக்குத் தொண்டை கறுப்பு. வெண்பிடரிக்குத் தொண்டை வெள்ளை, அதன் மேல் மெல்லிய கறுப்புக் கோடுகள். அலகிலிருந்து கன்னத்தில் இறங்கும் மீசைக்கோடும் ஒன்றாக இல்லாமல் இரண்டாகப் பிரிந்திருக்கும். கிரைசோகொலாப்டெஸ் கூட்டத்துக்கே இந்த இரட்டை மீசை ஒரு முத்திரை. அலகும் நீளம், நேர், உளி மாதிரி. பொன்முதுகின் அலகு அதைவிடக் குட்டை. ஆனால் அலகின் நீளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். மரத்தில் கோணமாக உட்கார்ந்த பறவையின் அலகை அளப்பது, ஓடுகிற பஸ்ஸின் நீளத்தை அளப்பது மாதிரி.

நீங்கள் பார்த்த இடமும் எனக்கு ஒரு சாட்சிதான், கொஞ்சம் பலவீனமான சாட்சி. வெண்பிடரி வறண்ட இலையுதிர் காட்டுப் பறவை. மரங்கள் இடைவெளி விட்டு நிற்கிற, நடுநடுவே பட்டமரம் இருக்கிற காடு அதற்குப் பிடிக்கும். சேர்வராயனின் கீழ்ச்சரிவுகள் அப்படித்தான் இருக்கின்றன, உசிலை, கொன்றை, மூங்கில், பாறை, வெயில். மேலே ஏற ஏறக் காட்சி மாறிவிடும். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து மேல்மலையின் பெரும்பகுதி நிழல் தோட்டமாகிவிட்டது. காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். நீங்கள் அதே பறவையை ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு சில்வர் ஓக்கில் பார்த்தேன் என்று எழுதியிருந்தால் படத்தை இரண்டு தடவை பார்த்திருப்பேன். இருந்தாலும் பறவைக்குச் சிறகு இருக்கிறது, அது நம் வரைபடத்தைப் படித்துவிட்டு உட்காருவதில்லை. இடம் சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும், முடிவு சொல்ல முதுகுதான் வேண்டும்.

சத்தத்தை நம்பி இறங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெயில் ஏறிய பிறகு காட்டோரத்தில் 'டொக், டொக், டொக்' என்று ஒரே தாளத்தில் மணிக்கணக்காகக் கேட்டால் அது மரங்கொத்தி இல்லை. செம்மார்புக் குக்குறுவான், தொண்டையால் கூவுகிறது. ஊருக்குள் பாதிப்பேர் அதை மரங்கொத்தி என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதேபோலக் கொண்டையை விரித்துக்கொண்டு தரையில் நடக்கும் கொண்டலாத்தியையும் மரங்கொத்தி என்பவர்கள் ஏராளம். அது மரங்கொத்தி மாதிரி தண்டில் ஏறிக் கொத்தாது, புல்தரையைக் கிளறும். நிஜ மரங்கொத்தி கொத்தும் சத்தம் ஒழுங்கற்றது: நான்கு கொத்து, ஒரு நிறுத்தம், ஏழு கொத்து, நகர்ந்து இரண்டு. அது இரை தேடல். துணைக்கும் எல்லைக்கும் தட்டுகிற முரசு வேறு, உலர்ந்த கிளையில் படபடவென்று எண்ண முடியாத வேகத்தில் ஒரு உருட்டு, அவ்வளவுதான், நின்றுவிடும். குரலைப் பொறுத்தவரை, பொன்முதுகு பறந்துகொண்டே கனைத்துச் சிரிக்கும், மீன்கொத்தியின் சத்தமோ என்றுகூடத் தோன்றும். வெண்பிடரியின் குரல் அதைவிட மெல்லியது, நடுங்கினாற்போல் ஓடும். இதை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. நானே குரலை மட்டும் கேட்டு இரண்டையும் பிரித்துப் பதிவு போடுவதில்லை. போனில் மெர்லின் செயலி பெயர் சொன்னாலும், கண்ணால் பார்க்கும் வரை அதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை போகும்போது என்ன செய்யலாம்? அதே பட்டமரத்துக்கு அதே நேரத்துக்குப் போங்கள், காலை ஏழிலிருந்து ஒன்பது. மரங்கொத்திக்குப் பிடித்த மரம் என்று ஒன்று இருந்தால் திரும்ப வரும். வந்தவுடன் அது தண்டைச் சுற்றி உங்கள் பார்வைக்கு மறுபக்கம் போய்விடும், எல்லா மரங்கொத்தியும் செய்கிற வேலை இது. துரத்திச் சுற்றினால் அதுவும் சுற்றும். நின்ற இடத்திலேயே நில்லுங்கள், ஐந்து நிமிடத்தில் மேலே ஏறி முதுகைக் காட்டும். கால்விரல் இரண்டு முன்னே, இரண்டு பின்னே என்று பற்றி, விறைத்த வாலை மரத்தில் ஊன்றி, முக்காலி போல உட்கார்ந்து அது வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். அது பறந்து போகும் கணத்தைத் தவறவிடாதீர்கள், பிட்டம் கறுப்பா சிவப்பா என்று தெரிவது அப்போதுதான். குரலை போனில் ஓடவிட்டு வரவழைக்க வேண்டாம். கூடு வைக்கிற காலமாக இருந்தால் வீணாக அதை அலைக்கழிக்கிறோம். ரோட்டை விட்டுக் காப்புக்காட்டுக்குள் இறங்கவும் வேண்டாம், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், ரோட்டோரமே இந்தப் பறவைக்குப் போதும்.

படத்தை வீணாக்காமல், பறவை பார்ப்பவர்கள் பதிவு சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு போடுங்கள். நாள், நேரம், இடம், 'முதுகு நடுவரை வெள்ளை, மஞ்சள் கொண்டை, பிட்டம் தெரியவில்லை' என்று பார்த்ததையும் பார்க்காததையும் எழுதுங்கள். நான் என் பழைய நோட்டில் எழுதாமல் விட்டது இந்த ஒரு வரியைத்தான். தமிழ்நாட்டில் 2015 முதல் ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, கால் மணி நேரம் ஒதுக்கினால் யாரும் கலந்துகொள்ளலாம். அந்த நாட்களில் இலை உதிரத் தொடங்கியிருக்கும், மரங்கொத்தி பார்க்க அடிவாரக் காட்டில் அதைவிட நல்ல பருவம் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுத் தென்னையிலிருந்தே அன்று கணக்கை ஆரம்பிக்கலாம்.

தென்னை என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் கடைசிக் கேள்வி. பொன்முதுகு மரங்கொத்தியின் முக்கிய உணவு எறும்பு, அதோடு மரத்துக்குள் இருக்கிற வண்டும் புழுவும். மட்டையின் அடியிலும் பட்டை இடுக்கிலும் கொத்திக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருந்தால் அது எறும்பு பொறுக்குகிறது, மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரே இடத்தில் தினமும் வந்து ஆழமாகக் கொத்தினால், பறவையைத் திட்டுவதற்கு முன் அந்த இடத்தைப் பாருங்கள். தண்டில் ஓட்டை, அதிலிருந்து செம்பழுப்பு நீர் வடிதல், மென்று துப்பியது மாதிரி நார் வெளியே தள்ளியிருத்தல், இதில் எதாவது இருந்தால் உள்ளே சிவப்புக் கூன்வண்டு இருக்கலாம். மரங்கொத்தி அதற்குப் பிறகு வந்த ஆள். அப்படி இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ வேளாண்மை அலுவலரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள், என்ன மருந்து, எவ்வளவு என்பது என் துறை இல்லை. பட்டுப்போன தென்னையில் அது கூட்டுக்காகப் பொந்து போட்டிருந்தால், அந்த மரம் வீட்டின் மேல் சாயும் நிலையில் இல்லாதவரை ஒரு பருவம் விட்டுவைக்க முடியுமா என்று பாருங்கள். குஞ்சு பொரித்து அவை போன பிறகு அந்தப் பொந்துக்கு மைனாவோ கிளியோ குடிவரும், அது ஒரு தனி வேடிக்கை.